கிராஃபீன்ஓஎஸ் விமர்சனம்: போன் முக்கால்வாசி நம்முடையதாகிறது

புதிய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் செட்டிங்ஸைத் திறந்து, மற்ற ஆப்களுக்கு அறிவிப்பு, இருப்பிடம் போன்ற சேவைகளைப் பின்னணியில் தரும் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற ஆப்பின் அனுமதிகளைப் பாருங்கள். கேமரா, மைக், இருப்பிடம் என்று நமக்குப் பழகிய சில அனுமதிகள் பட்டியலில் இருக்கும். அவற்றைவிட வலுவானவை பட்டியலிலேயே வராது. அந்த ஆப் போனோடு சேர்ந்தே வந்தது. சிஸ்டம் தரும் சிறப்பு உரிமையோடு ஓடுவது. அதற்கு மட்டும் இணையத்தை நிறுத்தலாம் என்று தேடினால் அப்படி ஒரு பொத்தான் எங்கும் கிடையாது.

2021இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத், ஆப்பிளின் ஐபோனும் கூகுளின் பிக்சல் போனும் சும்மா கிடக்கும்போது என்ன அனுப்புகின்றன என்று அளந்தார். இரண்டுமே சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒரு தடவை தங்கள் நிறுவனத்தோடு பேசின. அளவில்தான் வித்தியாசம்: 12 மணி நேரத்தில் பிக்சல் சுமார் 1 எம்பி அனுப்பியது, ஐபோன் சுமார் 52 கேபி. அளந்த முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. ஆனாலும் போன் பேசிக்கொண்டிருப்பது உண்மை, அதை நிறுத்தும் பொத்தான் நம்மிடம் இல்லாததும் உண்மை.

கிராஃபீன்ஓஎஸ் இந்த ஏற்பாட்டைத்தான் மாற்றுகிறது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, கூகுளின் ஆப்களை நீக்கி, பாதுகாப்பை இறுக்கிக் கட்டிய ஓர் இயங்குதளம் இது. 2014இல் காப்பர்ஹெட்ஓஎஸ் என்று தொடங்கிய வேலை, 2019 முதல் இந்தப் பெயரில் வருகிறது. கனடாவில் பதிவான லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நன்கொடையில் நடத்துகிறது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மென்பொருள் என்ற அளவில் இதில் குறை குறைவு. அன்றாடம் இடறுபவற்றில் பெரும்பாலானவை, மற்ற நிறுவனங்கள் இதை ஏற்க மறுப்பதால் வருபவை. போனை வாங்கும் முன் இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தப் போன்

கூகுளின் பிடியிலிருந்து நழுவ, கூகுளின் போனைத்தான் வாங்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் காரணம் வலுவானது. போன் எழும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் திறக்க விடும் போன்கள் வேறு சில உண்டு. வேறொரு சிஸ்டத்தை ஏற்றிய பிறகு, அந்தச் சிஸ்டத்தின் டிஜிட்டல் கையொப்பச் சாவியைக் கொண்டே பூட்லோடரை மறுபடி பூட்ட விடுவதுதான் அபூர்வம். பூட்டாமல் விட்டால், போன் கையில் கிடைத்த எவரும் சிஸ்டத்தை மாற்றி வைத்துவிடலாம். சாம்சங் போன்களில் வேறு சிஸ்டம் ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் ஃபியூஸ் நிரந்தரமாக எரிந்துபோகும். பழைய சிஸ்டத்துக்கே திரும்பினாலும் சில வசதிகள் மீண்டு வராது. பிக்சலில் அந்தத் தண்டனை இல்லை. பின் எண்ணைத் தவறாகத் தட்டத் தட்டக் காத்திருக்கும் நேரத்தை நீட்டும் டைட்டன் எம்2 சிப்பும் உள்ளே இருப்பதால், யூகிக்க முடியாத 6 இலக்க எண்ணே நன்றாகத் தாங்கும்.

பிக்சல்களிலும் எல்லாம் ஒன்றல்ல. 8ஆம் வரிசையும் அதற்குப் பின் வந்தவையும்தான் வாங்கத் தகுந்தவை. ஒரு காரணம் ஆயுள்: 8 முதல், வெளியான நாளிலிருந்து 7 ஆண்டு அப்டேட், 6, 7 வரிசைகளுக்கு 5 ஆண்டுதான். கிராஃபீன்ஓஎஸ் குழு எவ்வளவு விரும்பினாலும் கூகுள் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் நிரல்) அப்டேட்டை நிறுத்திய பிறகு முழுப் பாதுகாப்புத் தர முடியாது. அதனால் போனின் வயதைக் கடையில் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாமல் சந்தைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இன்னொரு காரணம் மெமரி டேகிங். 8 முதல் உள்ள சிப்களில் நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம் ஒட்டப்படுகிறது. தன் துண்டைத் தாண்டி ஓர் ஆப் படிக்கப் போனால் அங்கேயே நிறுத்தப்படும். கிராஃபீன்ஓஎஸ் தன் சிஸ்டம் முழுவதற்கும் இதை எப்போதும் இயக்கத்தில் வைத்திருக்கிறது. நாம் பதியும் எல்லா ஆப்களுக்கும் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் நாமே போட வேண்டும். போட்டதும் சில ஆப்கள் திடீரென்று மூடிக்கொள்ளும். அவற்றில் முன்பே இருந்த பிழை இப்போது பிடிபடுகிறது, அவ்வளவுதான். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

பழைய பிக்சல் 6ஏ மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். 400 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைக்கும் கட்டாய அப்டேட்டை 2025 ஜூலையில் கூகுள் அனுப்பியது. அதே ஆண்டு ஜனவரியில் பிக்சல் 4ஏவுக்கும் இப்படி ஒன்று வந்து, பலருடைய பேட்டரி அரை நாள்கூடத் தாங்காமல் போனது. பழைய ஃபர்ம்வேர் கோப்புகளையும் கூகுள் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டதால் பின்னால் போகவும் வழியில்லை. சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் என்றால் நிறுவனம் தலையிடுவதில் நியாயம் உண்டு. வந்த வழியை அடைத்துவிட்டுப் போவதற்கு அந்த நியாயம் போதாது.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ போய் ‘பில்ட் நம்பர்’ மேல் 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற சுவிட்ச் நகர்கிறதா என்று பாருங்கள். மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் முதலில் இணையத்தில் இணையுங்கள். தொலைபேசி நிறுவனம் பூட்டி விற்ற போனா என்று சிஸ்டம் அப்போதுதான் விசாரிக்கும். இணைத்த பிறகும் மங்கலாகவே இருந்தால் அந்தப் போன் வேண்டாம். சிம் பூட்டைத் திறந்துவிட்டோம் என்று விற்பவர் சொல்வதை நம்பி எடுக்காதீர்கள். சிம் பூட்டு வேறு, பூட்லோடர் பூட்டு வேறு. முந்தையது போன பிறகும் பிந்தையது இருக்கும் போன்கள் நிறைய.

நிறுவுதல்

பிரவுசரிலேயே முடிகிற வேலை. கிராஃபீன்ஓஎஸ் தளத்தின் வலை நிறுவி, வெப்யூஎஸ்பி வழியாகப் போனோடு நேரடியாகப் பேசுகிறது. அதனால் குரோம், எட்ஜ், பிரேவ் போன்ற குரோமியம் வகை பிரவுசர் வேண்டும், ஃபயர்ஃபாக்ஸில் நடக்காது. கணினியில் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி இடமும் காலியாக இருக்க வேண்டும். கணினி இல்லையென்றால் இன்னோர் ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் செய்யலாம்.

முதலில் போனில் இருக்கும் பழைய சிஸ்டத்துக்கு எல்லா அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். தேவையானதை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு தடவை போன் முழுக்க அழியப்போகிறது. ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, ரீஸ்டார்ட் ஆகும்போது வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பூட்லோடர் திரை வரும். கேபிளைச் செருகி, வலைப்பக்கத்தில் ‘அன்லாக்’ கொடுத்தால் போன் உறுதி கேட்கும். வால்யூம் பொத்தானால் தேர்ந்து, பவர் பொத்தானால் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து கோப்பைத் தரவிறக்கும் பொத்தான், அதன்பின் அதைப் போனில் எழுதும் ஃபிளாஷ் பொத்தான். ஃபிளாஷ் ஓடும்போது போன் தானாகவே சில தடவை ரீஸ்டார்ட் ஆகும், கையை வைக்காதீர்கள்.

சிக்கல் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான். சார்ஜுக்கு மட்டும் ஆன கேபிள், யூஎஸ்பி ஹப், மேசைக் கணினியின் முன்பக்கச் சாக்கெட் மூன்றையும் தவிர்த்து, போனோடு வந்த கேபிளை நேராகச் செருகுங்கள். விண்டோஸில் போனைப் பிரவுசர் கண்டுகொள்ளவில்லையென்றால் டிரைவர் இல்லை என்று பொருள். விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆப்ஷனல்’ பகுதிக்குப் போனால் ‘ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்’ என்றோ, சம்பந்தமே இல்லாத மாதிரி ‘லீமொபைல் ஆண்ட்ராய்டு டிவைஸ்’ என்றோ ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அதுதான். லினக்ஸில், போனைத் தொட பிரவுசருக்கு அனுமதி தரும் யூடெவ் விதிகள் கொண்ட பேக்கேஜ் வேண்டும். பின்னணியில் ஓடும் ஃபர்ம்வேர் அப்டேட் சேவை போனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஃபிளாட்பேக், ஸ்னாப் வடிவில் பதிந்த பிரவுசர்கள் பாதியில் நின்றுபோவதுண்டு. இன்காக்னிடோ ஜன்னலில் தற்காலிகச் சேமிப்பிடம் போதாமல் தரவிறக்கமே தோற்கும்.

ஃபிளாஷ் முடிந்ததும் போன் வேலை செய்யும் என்பதால் அதோடு விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்லோடரை மீண்டும் பூட்டும் கடைசிப் பொத்தானை அழுத்தாவிட்டால் இதுவரை செய்ததில் பாதி வீண். பூட்டிய பின்தான் சரிபார்த்து பூட் ஆகும் ஏற்பாடு முழுமையாகும். ஒவ்வொரு தடவை போன் எழும்போதும் சிஸ்டத்தின் கையொப்பம் சோதிக்கப்படும். பூட்டும்போது இரண்டாம் தடவை எல்லாம் அழியும். சிஸ்டம் திறந்ததும் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைத்துவிடுங்கள். தொடக்க அமைப்பிலேயே அதற்குக் குறி உண்டு.

இனி ஒவ்வொரு தடவையும் மஞ்சள் எச்சரிக்கையோடு, வேறொரு இயங்குதளம் ஏறுகிறது என்று சில நொடி காட்டும். கோளாறு இல்லை, கூகுளின் சாவி அல்லாத சாவி என்பதற்கான அறிவிப்பு. அதன் கீழே நீளமாக ஓர் எழுத்து வரிசை தெரியும். அதைக் கிராஃபீன்ஓஎஸ் தளத்தில் உங்கள் மாடலுக்கு நேரே இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஏற்றித்தந்து விற்கப்படும் போனை வாங்கியவர்களுக்கு இந்த ஒப்பீடு கட்டாயம். கூடவே ஆடிட்டர் என்ற ஆப் உண்டு. இன்னோர் ஆண்ட்ராய்டு போனில் அதைத் திறந்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், சிஸ்டம் அசல்தானா, எந்தத் தேதி வரை பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) ஏறியிருக்கிறது என்பதை வன்பொருளின் சான்றோடே காட்டும்.

பிளே சர்வீசஸ் குடித்தனக்காரராகும் இடம்

புதிதாகத் திறந்த கிராஃபீன்ஓஎஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு ஆப்கள்தான் இருக்கும். கூகுள் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஆப் ஸ்டோரிலிருந்து பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் பதிந்துகொள்ளலாம். சாதாரணப் போனில் வீட்டுக்காரராக இருக்கும் பிளே சர்வீசஸ் இங்கே குடித்தனக்காரர். மற்ற எந்த ஆப்புக்கும் உள்ள உரிமைதான் அதற்கும். அனுமதி கேட்க வேண்டும், மறுத்தால் பேசாமல் இருக்க வேண்டும், வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். சிறப்பு உரிமையை எதிர்பார்த்து எழுதப்பட்ட அதன் அழைப்புகள் தடுமாறாமல் இருக்க, சிஸ்டம் ஒரு இடைத்தளத்தை வைத்துச் சமாளிக்கிறது. கிராஃபீன்ஓஎஸ்ஸின் மிகச் சிறந்த வேலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செய்தி வந்தவுடன் அறிவிப்பு வர வேண்டுமென்றால் பிளே சர்வீசஸுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் விட்டு, வாட்ஸ்அப் அறிவிப்பு தாமதமாக வருகிறது என்று சிஸ்டத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். அறிவிப்புக்காக கூகுள் கணக்கில் நுழைய வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு வேண்டியிருப்பது பிளே ஸ்டோரிலிருந்து இறக்குவதற்குத்தான்.

ஆப் ஒன்றை முதல் தடவை பதியும்போது வரும் பெட்டியிலேயே ‘நெட்வொர்க்’ என்று ஒரு குறி இருக்கும். எடுத்துவிட்டால் அந்த ஆப்புக்கு இணையமே கிடையாது. இணைப்பு அறுந்துபோனது போல ஆப்புக்குத் தெரியுமே தவிர, மறுக்கப்பட்டது தெரியாது. அதனால் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. டார்ச், கால்குலேட்டர், ஸ்கேனர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் இதை எடுத்துவிடலாம். ‘சென்சார்ஸ்’ என்று இன்னோர் அனுமதியும் இருக்கிறது. அசைவு, திசை, காற்றழுத்தம் போன்றவற்றை அளக்கும் உணரிகளை வழக்கமான ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் எந்த ஆப்பும் கேட்காமலே படிக்கும். இங்கே மறுத்துவிடலாம், ஆப் தொட முயன்றால் அறிவிப்பும் வரும்.

கீபோர்டு விஷயத்தில் ஒரு நுணுக்கம். நெட்வொர்க் அனுமதி நேரடிப் பாதையை அடைக்கிறது. ஒரே புரொஃபைலில் (போனுக்குள் தனியாகப் பிரித்த பயனர் இடம்) இருக்கும் இரண்டு ஆப்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு பேசுவதை அது தடுக்காது. கூகுள் கீபோர்டுக்கு இணையத்தை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே இணையத்தோடு பிளே சர்வீசஸை வைத்திருந்தால் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரிதான். அப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. நடந்தால் தடுக்க வழியில்லை என்பதுதான் விஷயம். இதில் கவலை உள்ளவர்கள் திறந்த மூலநிரல் கீபோர்டு ஒன்றைப் போட்டுக்கொள்வதே தீர்வு.

தொடர்பு எண்களைப் பாதுகாக்கும் ‘கான்டாக்ட் ஸ்கோப்ஸ்’ஸை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். வாட்ஸ்அப் தொடர்புகளைக் கேட்கிறது. அனுமதித்தால் போனில் உள்ள அத்தனை எண்ணும் போகும்; மறுத்தால் பேசுகிறவர்களின் பெயருக்குப் பதில் எண்தான் தெரியும். இங்கே மூன்றாவது வழி இருக்கிறது. ஆப் இன்ஃபோவில் அனுமதிகளுக்குள் போய் கான்டாக்ட் ஸ்கோப்ஸை இயக்கினால், அனுமதி முழுதாகக் கிடைத்துவிட்டது என்றே வாட்ஸ்அப் நினைக்கும். ஆனால் படிக்கும் பட்டியல் காலி. அதில் வேண்டிய ஆட்களை மட்டும் சேர்க்கலாம். ஒருவருடைய பெயரையும் ஓர் எண்ணையும் மட்டும் காட்டி முகவரி, மின்னஞ்சலை மறைக்கலாம். ஒரு லேபிள் போட்ட குழுவை மொத்தமாகவும் சேர்க்கலாம். லேபிள் முறைதான் நடைமுறைக்கு உகந்தது. புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது லேபிளைப் போட்டால் போதும், ஸ்கோப்ஸ் பக்கத்துக்கு மறுபடி போக வேண்டாம். கோப்புகளுக்கும் இதே பாணியில் ‘ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்’ இருக்கிறது.

கூகுள் வேண்டும், ஆனால் தள்ளி வேண்டும் என்பவர்கள் தனிப் புரொஃபைலில் பிளே சர்வீசஸையும் அதை விடாத ஆப்களையும் போட்டு, முதன்மைப் புரொஃபைலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். ‘எண்ட் செஷன்’ கொடுத்தால் அந்தப் புரொஃபைலின் சாவி நினைவகத்திலிருந்து அகற்றப்பட்டு எல்லாம் உறங்கிவிடும். கேட்க அழகான ஏற்பாடு. நாளுக்கு இருபது தடவை மாறி மாறிப் போக வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பழகி, பிறகு பிரிப்பது நல்லது.

கேமராவில் இழப்பு இல்லை. உள்ளே வரும் ஆப் எளிமையானது; பிக்சல் கேமராவே வேண்டுமென்றால் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, நெட்வொர்க் அனுமதியை எடுத்துவிட்டு ஓட்டலாம். வரைபடம் வீட்டுக்குள் தடுமாறும். செயற்கைக்கோள் அல்லாத இருப்பிடச் சேவை தொடக்கத்தில் அணைந்திருப்பதே காரணம். செட்டிங்ஸில் ‘லொகேஷன்’ பகுதியில் அதை இயக்கலாம். கிராஃபீன்ஓஎஸ்ஸின் இடைச் சர்வர் வழியாக ஆப்பிளின் தரவுத்தளத்தைக் கேட்கும்.

பேக்கப்தான் மென்பொருளின் உண்மையான ஓட்டை. உள்ளே இருக்கும் சீட்வால்ட் மறையாக்கத்தோடு சேமிக்கிறது, ஆனால் எல்லா ஆப்பின் தரவையும் நம்பகமாக மீட்டுத் தருவதில்லை. செய்தி ஆப்களுக்கு அவற்றின் சொந்த பேக்கப்பையும், படங்களுக்குக் கணினியில் ஒரு நகலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன் அடுத்தவர் கையில்

பூட்டிய போன் 18 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆனதும் தரவின் சாவிகள் நினைவகத்தில் இருக்காது. தடயவியல் கருவிகளுக்குக் கடினமான நிலை அதுதான். நேரத்தை 10 நிமிடம் முதல் 72 மணி வரை மாற்றிக்கொள்ளலாம். இந்த யோசனை பின்னர் மற்ற இடங்களுக்கும் போனது: ஐஓஎஸ் 18.1இலும், 2025 ஏப்ரலில் பிளே சர்வீசஸ் வழியாக மற்ற ஆண்ட்ராய்டுகளுக்கும் 3 நாள் கணக்கில் வந்தது. குறைத்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரீஸ்டார்ட் ஆகித் திறக்கப்படாமல் கிடக்கும் போனில் செய்தி ஆப்கள் ஓடாது, அழைப்பு வந்தால் பெயருக்குப் பதில் எண்தான் தெரியும்.

யூஎஸ்பி துளை, பூட்டிய நிலையில் சார்ஜ் மட்டும் ஏற்கும். காரில் செருகியும் இணையவில்லை என்றால் கேபிளை எடுத்துவிட்டு, போனைத் திறந்தபின் செருகுங்கள். கைரேகையோடு சின்னப் பின் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு உண்டு. முதன்மைக் கடவுச்சொல்லை நீளமாக வைத்துக்கொண்டு அன்றாடம் இதைப் பயன்படுத்துவது நல்ல சேர்க்கை. தட்டியவுடன் எல்லாவற்றையும் அழிக்கும் டியூரஸ் பின் எண்ணும் இருக்கிறது. இ-சிம்மும் சேர்ந்தே போகும், மீட்கவே முடியாது. சிறு பிள்ளைகள் போனைத் தட்டும் வீட்டில் 1234 என்று வைத்துவிடாதீர்கள்.

வங்கி ஆப்கள், அதாவது உண்மையான பிரச்சினை

இதை வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்தப் பகுதிதான். பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுளின் சேவை ஒன்று உண்டு. போன் நம்பத் தகுந்ததா என்று ஆப் அதைக் கேட்கும். அடிப்படை, சாதனம், வலுவானது என மூன்று நிலையில் பதில் வரும். கிராஃபீன்ஓஎஸ் அடிப்படை நிலையில் மட்டும் தேறும். நடு நிலைக்கே கூகுளின் சான்று பெற்ற சிஸ்டம் வேண்டும். அந்தச் சான்றுக்கு கூகுளின் ஆப்களைச் சிறப்பு உரிமையோடு போனிலேயே பதித்து விற்க வேண்டும். இதனால் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பேட்ச் காணாத பழைய போன் நடு நிலையில் தேறிவிடும். நேற்றைய பேட்ச் வரை ஏறி, பூட்லோடர் பூட்டிய கிராஃபீன்ஓஎஸ் தோற்கும். இந்தச் சோதனை அளப்பது பாதுகாப்பை என்று எப்படி ஒப்புக்கொள்வது?

வேறு வழி தொழில்நுட்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்று வசதியைப் பயன்படுத்தி, போனின் சிப்பே தரும் சான்றிலிருந்து பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவியால், எந்தப் பேட்ச் தேதி என்பதை வங்கி நேரடியாகப் படிக்கலாம். கிராஃபீன்ஓஎஸ் தன் சாவிகளின் பட்டியலையும் அதற்கான வழிகாட்டியையும் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலைச் சேர்த்துக்கொண்ட ஆப்கள் சில உண்டு. மற்றவை ஆயத்த விடையைக் கேட்டுவிட்டுப் போகின்றன.

உங்கள் வங்கி ஆப் திறக்கவில்லையென்றால் உடனே இதுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸை முழுதாக அணையுங்கள். சில ஆப்கள் அதைக் கண்டாலே மிரளும். வேறு கடையிலிருந்து இறக்கியதை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்தே பதியுங்கள். பிளே சர்வீசஸ் அதே புரொஃபைலில் நெட்வொர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். திறந்தவுடன் மூடிக்கொண்டால் ஆப் இன்ஃபோவில் ‘எக்ஸ்பிளாய்ட் புரொடெக்‌ஷன் கம்பாட்டிபிலிட்டி மோடு’ போடுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகும். ஆப் பிளே இன்டெக்ரிட்டியைக் கேட்டால் சிஸ்டமே அறிவிப்புக் காட்டும். அது வந்து, ஆப்பும் திறக்காவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வங்கியின் வலைத்தளத்தைப் பிரவுசரில் திறந்து முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ரூட் செய்து, அதாவது சிஸ்டத்தின் உச்ச உரிமையை எடுத்துக்கொண்டு, ஏமாற்றலாம் என்ற யோசனைகள் இணையத்தில் கிடைக்கும். செய்தால் இந்தச் சிஸ்டத்தைப் போட்ட காரணமே போய்விடும்.

கூகுள் வாலெட்டில் டிக்கெட்டும் உறுப்பினர் அட்டையும் வைத்துக்கொள்ளலாம். போனைத் தொட்டுப் பணம் செலுத்த முடியாது. அந்தப் பழக்கம் விட முடியாதவர்கள் கிராஃபீன்ஓஎஸ்ஸை மறந்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்யும், அதற்கான அனுமதிகளைத் தனியே கொடுத்தால்.

மிச்சக் கால்வாசி

ஃபர்ம்வேர், மோடம், பாதுகாப்புச் சிப் எல்லாம் கூகுள் கையொப்பமிட்டு அனுப்புபவை. ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சை வருங்கால மாடலில் வைப்பதும் எடுப்பதும் அவர்கள் விருப்பம். 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 மூலநிரலை வெளியிட்டபோது, வழக்கமாகக் கூடவே வரும் பிக்சல் சாதனக் கோப்புகளை கூகுள் விட்டுவிட்டது. கிராஃபீன்ஓஎஸ் குழு தன் கருவிகளைக் கொண்டு அவற்றைத் தானே வருவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேலை நின்றுவிடவில்லை, சுமை கூடியது.

மறுபக்கம், சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளிடம் அடையாளம் காட்டிப் பதியாத டெவலப்பரின் ஆப்பைப் பதிய முடியாமல் செய்யும் திட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் கூகுள்காரர்கள் அறிவித்தார்கள்: 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு வந்தபின் விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு மாற்றுவழி தருவதாகச் சொன்னார்கள். மோசடி ஆப்களால் பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள், எச்சரிக்கைத் திரை எத்தனை வைத்தாலும் ஆட்சேபம் இல்லை. கடைசி முடிவு போனை வைத்திருப்பவருடையதாக இருக்க வேண்டும். கிராஃபீன்ஓஎஸ் சான்று பெற்ற சிஸ்டம் இல்லை என்பதால் இந்தக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது. வங்கி ஆப்பைத் தடுக்கும் அதே காரணம் இங்கே ஆதாயமாகிறது.

கிராஃபீன்ஓஎஸ் குழுவையும் நம்பித்தான் ஆக வேண்டும். அப்டேட், இணைப்புச் சோதனை, நேரம், செயற்கைக்கோள் உதவித் தரவு எல்லாம் தொடக்கத்தில் அவர்களுடைய சர்வர்களுக்கே போகும். நெட்வொர்க்கில் தனித்துத் தெரிய வேண்டாம் என்பவர்கள் இணைப்புச் சோதனையை கூகுளின் சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்களை முன்கூட்டியே தரும் விருப்பப் பதிப்பு ஒன்றும் உண்டு. வெளியிடும் தேதி வரை அந்தத் திருத்தங்களின் மூலநிரலைக் காட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. திறந்த மூலநிரலா, சீக்கிரம் வரும் பேட்ச்சா என்பதை நாம் தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்குப் பேட்ச்தான் நல்லது.

மாற்றாகப் பேசப்படும் கேலிக்ஸ்ஓஎஸ் 2025 ஆகஸ்ட்டில் வெளியீடுகளை நிறுத்திவைத்தது. லீனியேஜ்ஓஎஸ் பழைய போன்களுக்கு உயிர் கொடுக்க அருமையானது, ஆனால் பெரும்பாலான மாடல்களில் பூட்லோடரைத் திரும்பப் பூட்ட முடியாது. இரண்டும் ஒரே தேவைக்கானவை அல்ல.

விற்கவோ திருப்பிக் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் பூட்லோடரைத் திறந்து, கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூலால் பழைய சிஸ்டத்தை ஏற்றுங்கள். பூட்டும் முன் வலை நிறுவிப் பக்கத்தின் கடைசியில் உள்ள, வேற்றுச் சாவியை நீக்கும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். அதன் பிறகு எழும் போனில் மஞ்சள் எச்சரிக்கை இருக்காது, பிளே இன்டெக்ரிட்டியும் மூன்று நிலையிலும் தேறும்.